யாருடைய குண்டு? பெங்கால் காவற்கப்பலின் கூற்றை மீண்டும் எடைபோடுதல்

1942 நவம்பர் 11 அன்று கொக்கோஸ் தீவுகளுக்குத் தென்மேற்கே, இந்தியப் பெருங்கடலின் நடுவில் நிகழ்ந்த மோதலைப் பற்றிய எழுத்துகள் எல்லாம் ஒரே கேள்வியில் வந்து முட்டிக்கொள்கின்றன. ஜப்பானின் ஹோகோகு மாரு என்ற போர்க்கப்பலை வெடிக்கவைத்தது யாருடைய குண்டு? அது அரச இந்தியக் கடற்படையின் பெங்கால் சுட்டது என்பது இந்திய மரபு. பெங்காலின் காவலில் வந்த ஒண்டினா என்ற எண்ணெய்க் கப்பல் சுட்டது என்பது டச்சு மரபு. இரண்டாவது மரபைச் சார்ந்த ஆய்வாளர்கள் இன்னும் ஒரு படி மேலே போகிறார்கள். டியாகோ கார்சியாவை அடைந்த பெங்கால், ஒண்டினா மூழ்கிவிட்டதாக அறிவித்தது, ஒண்டினாவோ மிதந்துகொண்டிருந்தது. இவ்வளவு பெரிய விஷயத்தில் தவறிய கூற்றை வேறு எதிலும் நம்ப முடியாது என்பது அவர்களின் வாதம். பெங்காலின் பணி வரலாற்றில் இந்த வாதம் பதித்த கறை இன்னும் நீங்கவில்லை. வாதம் வலுவானது போலத் தோன்றினாலும் அதன் அடித்தளம் பிழையானது என்பதே இக்கட்டுரையின் முடிவு.

ஒரு கூற்றில் பிழை இருக்கிறது என்று கண்டவுடன் கூற்று முழுவதையும் தள்ளிவிடுவது சான்றாய்வு ஆகாது. பிழை எங்கே, எந்த நிலையில் நேர்ந்தது என்று கேட்பதே சான்றாய்வு. ஹோகோகு மாருவும் இன்னொன்றுமாக இரண்டு ஜப்பானியக் கப்பல்களைக் கண்டதும் பெங்கால் அவற்றை நோக்கியே திரும்பியது. மோதலின் முற்பகுதியில் அதற்கும் ஹோகோகு மாருவுக்கும் இடையே இருந்தது சில ஆயிரம் கஜ தூரம்தான். நண்பகல் வெளிச்சம் வேறு. பிற்பகுதியில் நிலைமை தலைகீழானது. குண்டுகள் தீரும் தறுவாயில், உடலில் அடி வாங்கியிருந்த கப்பல், புகைத்திரை போட்டபடி விலகிப் போய்க்கொண்டிருந்தது. அது கடைசியாகக் கண்டது பேரிடரில் சிக்கிய ஒண்டினாவை. அதன் பிறகு நடந்தவற்றை, டார்பிடோ தாக்கிச் சரிந்த கப்பல் காலி எண்ணெய்த் தொட்டிகளின் மிதப்பால் தாக்குப்பிடித்ததையும், படகுகளில் இறங்கியவர்கள் திரும்ப ஏறித் தீயை அணைத்ததையும், பெங்காலில் இருந்த எவரும் பார்த்திருக்க வழியில்லை. ஆகவே மூழ்கியது என்ற அறிவிப்பு கண்ணால் கண்டதன் பிழையன்று. காணாததைப் பற்றிய ஊகத்தின் பிழை. தூரமும் புகையும் பெருகப் பெருகப் பிழையும் பெருகியிருக்கிறது. இதே அளவுகோலை வைத்துப் பார்த்தால், முற்பகுதியைப் பற்றிய பெங்காலின் சாட்சியம் பிற்பகுதியைப் பற்றியதைவிட நம்பத்தக்கது என்ற முடிவுக்கே வர வேண்டியிருக்கிறது.

இதைச் சொல்வதால் வெடிப்புக்குக் காரணம் பெங்காலின் குண்டுதான் என்று நிறுவப்பட்டதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்திய மரபு இங்கே அவசரப்படுகிறது. வெடிப்பைக் கண்ணால் பார்ப்பது ஒன்று. அதை விளைவித்த குண்டு தன்னுடையது என்று அறிவது வேறொன்று. இரு கப்பல்களும் ஒரே இலக்கை நோக்கி ஒரே வேளையில் சுட்டுக்கொண்டிருந்தன. குழாயை விட்டுக் கிளம்பிய குண்டு இலக்கை அடையச் சில நொடிகள் ஆகும். அந்த இடைவெளிக்குள் மற்றக் கப்பலும் சுட்டிருந்தால், இலக்கில் எழும் தீப்பிழம்பு யாருடையது என்று எந்தப் பீரங்கிக் குழுவாலும் பிரித்துச் சொல்ல முடியாது. தான் சுட்ட கணத்தை அடுத்து எழுந்த தீயைத் தன்னுடையது என்றே ஒவ்வொரு குழுவும் கண்டிருக்கும். அதில் பொய்யில்லை, பீரங்கியின் பின்னால் நின்றவருக்கு வேறு விதமாகத் தெரிய வாய்ப்பில்லை. இரு தரப்பும் நேர்மையாகவே முரண்படுகின்றன என்று கொள்வதே சான்றுகளுக்குப் பொருந்துகிறது.

குண்டின் எடையைக் கொண்டு வழக்கைத் தீர்க்க முயல்வோரும் உண்டு. ஒண்டினாவின் ஒற்றைப் பீரங்கி நான்கு அங்குலம். அதன் குண்டு ஏறத்தாழ 14 கிலோ. பெங்காலில் இருந்ததாகப் பரவலாகக் குறிக்கப்படுவது 12 பவுண்டர். பெயரே சொல்வதுபோல் குண்டின் எடை ஆறு கிலோவுக்கும் குறைவு, ஒற்றைக் கையால் தூக்கிவிடலாம். பத்தாயிரம் டன் கப்பலை இது கவிழ்க்குமா என்று கேட்கிறார்கள். கேள்வி தவறான இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. ஹோகோகு மாரு பயணிகள், சரக்குப் போக்குவரத்துக்காகக் கட்டப்பட்டுப் பின்னர் ஆயுதம் பூட்டப்பட்ட கப்பல்; அதற்குக் கவசம் கிடையாது. மேல்தளத்திலேயே டார்பிடோக் குழாய்களும் கடல்விமானங்களும் இருந்தன. அடிபட்டது வலப்பக்க டார்பிடோக் குழாய்ப் பகுதி என்பதில் பெரிய கருத்துவேறுபாடு இல்லை. கப்பலை அழித்தது அதன் சொந்த வெடிமருந்து. வெளியிலிருந்து வந்த குண்டு திரியைப் பற்றவைத்தது, அவ்வளவே. திரி பற்றவைக்க ஆறு கிலோவும் போதும், பதினான்கு கிலோவும் போதும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே தீர வேண்டுமென்றால் ஒண்டினாவின் பக்கம் தட்டு சற்றே தாழும் என்று கருதுகிறேன்; தீர்ப்பு எழுத அந்தச் சாய்வு போதாது. விருதுகளைச் சான்றாகக் காட்டும் வாதம் நீண்ட மறுப்புக்கு உரியதன்று. இரு கப்பலாரும் பாராட்டப்பெற்றனர். அந்நாளில் அதிகாரிகள் எதை நம்பினார்கள் என்பதை மட்டுமே விருது காட்டும்.

எஞ்சி நிற்பது பெங்கால் ஒண்டினாவைக் கைவிட்டுச் சென்றது என்ற குற்றச்சாட்டு. ஒண்டினாவில் இருந்தோர் அன்று அப்படி உணர்ந்தது இயல்பே. தலைவர் ஹோர்ஸ்மனை இழந்து, படகுகளில் இருந்தபோதே சுடப்பட்டவர்கள் அவர்கள். ஆனால் அவர்களின் வேதனையையே வரலாற்றாசிரியரின் தீர்ப்பாக ஆக்கிவிட முடியாது. ஏறத்தாழ 700 டன் எடையுள்ள பெங்கால், சிட்னியில் கட்டி முடிக்கப்பட்டுப் பணியேற்று மூன்று மாதமே ஆகியிருந்த பாத்தர்ஸ்ட் வகைக் கப்பல். எதிரே வந்த இரண்டில் ஒவ்வொன்றும் அதைப்போல் பதினான்கு மடங்குக்கும் மேற்பட்ட பருமன். பீரங்கிகளும் ஆறு அங்குலத்தை ஒட்டியவை. தலைவர் வில்சன் தம் கப்பலை எதிரியின்மேல் திருப்பியது ஒண்டினா தப்பிப் போவதற்கு நேரம் வாங்கத்தான். ஒண்டினா போகாமல் நின்று சுட்டது அதன் வீரம், காவற்கப்பலின் குறையன்று. குண்டு தீரும் தறுவாயில் இருந்த கப்பல் அங்கே மூழ்கியிருந்தாலும் ஒண்டினாவுக்கு ஒரு நிமிடம்கூடக் கூடுதலாகக் கிடைத்திராது.

காவற்கப்பலின் பணி வரலாற்றை அது மூழ்கடித்த கப்பல்களைக் கொண்டு எழுதும் வழக்கத்தில்தான் இந்தப் பிணக்கின் வேர் இருக்கிறது. வேட்டைக் கப்பலுக்குப் பொருந்தும் அளவுகோல் அது. காவற்கப்பலிடம் கேட்க வேண்டியது, ஆபத்து வந்தபோது எந்தப் பக்கம் திரும்பியது, காக்கப்பட்டது பிழைத்ததா என்ற இரண்டையும்தான். முதல் கேள்விக்கு இரு மரபுகளின் விடையும் ஒன்றே: பெங்கால் எதிரியை நோக்கித் திரும்பியது. இரண்டாவதற்கு விடை துறைமுகங்களில் இருக்கிறது. நவம்பர் 17 அன்று பெங்கால் டியாகோ கார்சியா சேர்ந்தது. மறுநாள் ஒண்டினா பிரிமாண்டில் துறைமுகத்துக்குள் வந்தது. ஹோகோகு மாரு எந்தத் துறைமுகத்துக்கும் திரும்பவில்லை.