முன்சக்கரம் ஒரு பக்கமாத் தேயுற கதை



போன வருஷம் நம்ம பழைய பிக்கப்புல முன்னாடி இடது டயர், உள்ஓரம் மட்டும் நூல் தெரியுற அளவுக்குத் தேஞ்சு போச்சு. வலது டயர் நல்லாவே இருந்துச்சு. "கண்ட குழியில விட்டா இப்படித்தான்"னு மகனைத் திட்டினேன். புது டயர் போட்டு அலைன்மென்ட்டும் பார்த்தோம். இரண்டே மாசத்துல மறுபடியும் அதே தேய்மானம். மறுபடியும் அவனுக்குத்தான் திட்டு. ஒரு வாரம் அவன் சாவியைத் தொடவே இல்லை.

அந்த வாரம்தான் இந்தச் சக்கரக் கணக்கு எங்கிருந்து வந்துச்சுன்னு தேடிப் படிச்சேன்.

நம்ம மாட்டு வண்டிக்கு இந்தத் தொல்லை கிடையாது. இரண்டே சக்கரம். மாடு திரும்பினா இருசோட வண்டியே திரும்பிடும். நாலு சக்கரக் குதிரை வண்டியில முன் இருசு முழுசும் நடுவுல இருக்கிற ஒரு ஆணியில சுத்தணும். ரொம்ப ஒடிச்சா வண்டி சாயும். ஜெர்மனியில, மியூனிக் நகரத்து வண்டி செய்யுறவர் லாங்கென்ஸ்பெர்கர், இருசை அசையாம வச்சு, இரண்டு முனையிலயும் சக்கரம் தனித்தனியாத் திரும்புற மாதிரி செஞ்சார். 1818-ல அதுக்கு இங்கிலாந்துல காப்புரிமை வாங்கினவர் லண்டன்ல இருந்த ருடால்ஃப் அக்கர்மன். இன்னைக்கும் அதுக்கு அக்கர்மன் ஸ்டியரிங்னுதான் பேர். செஞ்சவர் ஒருத்தர், பேர் இன்னொருத்தருக்கு.

கார்ல் பென்ஸ் 1886-ல காப்புரிமை வாங்கின மோட்டார் வண்டிக்கு மூணு சக்கரம்தான். முன்னாடி ஒண்ணே ஒண்ணு. நாலு சக்கர வண்டியைத் திருப்புற முறைக்கு 1893-லதான் அவர் காப்புரிமை வாங்கினார்.

சக்கரம் தனித்தனியா நின்னதால வசதி வந்துச்சு, வம்பும் வந்துச்சு. ஒவ்வொரு சக்கரமும் பால் ஜாயின்ட், புஷ், டை ராடு முனைன்னு பல மூட்டுல நிக்குது. ஒரு பக்க மூட்டு மட்டும் தேஞ்சா அந்தச் சக்கரம் மட்டும் கோணும்.

இதைப் படிச்ச பிறகு எங்க ஊர் மெக்கானிக்கைக் கூட்டிட்டு வந்தேன். முதல்ல இரண்டு டயருக்கும் காத்து சமமா இருக்கான்னு பார்த்தார். அப்புறம் ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தை மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டினார். ஆட்டம் இருந்தா பேரிங் இல்லாட்டி பால் ஜாயின்ட். பிரேக்கை மிதிச்சதும் ஆட்டம் நின்னா பேரிங், நிக்காட்டி ஜாயின்ட். இடமும் வலமும் ஆட்டினா டை ராடு லூசு தெரியும். நம்ம வண்டியில இதெல்லாம் சரியா இருந்துச்சு. கடைசியா கடப்பாரையை வச்சு நெம்பிப் பார்த்தப்போ, இடது கீழ் ஆர்ம் புஷ் ரப்பர் கிழிஞ்சு தொங்குச்சு. பாரம் ஏறினதும் சக்கரத்தோட அடி வெளிய தள்ளி, தலை உள்ளே சாஞ்சிருக்கு. அதான் உள்ஓரம் மட்டும் தேய்மானம். நின்ன வண்டியில மெஷின் வச்ச அளவு, ஓடுற வண்டியில நிக்கல.

புஷ் மாத்தி, அப்புறம்தான் அலைன்மென்ட் பார்த்தோம். இன்னைக்கு வரை இரண்டு டயரும் ஒண்ணாத் தேயுது. பழைய வண்டி வச்சிருக்கவங்க மூட்டைப் பார்த்துட்டு அப்புறம் மெஷினுக்குப் போங்க.

அன்னைக்குச் சாயந்தரமே மகன்கிட்ட "தப்பு உன்மேல இல்லப்பா"ன்னு சொல்லிட்டேன். அவன் பதில் பேசல. மறுநாள் விடியக்காலை சந்தைக்கு லோடு ஏத்தினவன் அவன்தான்.