வன் பீஸ்: அபிமானிகள் போற்றும் காண்டங்கள்

ஜப்பானின் குமமோட்டோ நகரில் 1975இல் பிறந்த எயிச்சிரோ ஓடா, ‘வீக்லி ஷோனென் ஜம்ப்’ என்னும் வாரப் பத்திரிகையில் 1997 ஜூலை முதல் எழுதியும் வரைந்தும் வருகிற சித்திரத் தொடர்கதை (மாங்கா) ‘வன் பீஸ்’. டோயி அனிமேஷன் நிறுவனம் இதனை அனிமேயாக்க, ஃபூஜி தொலைக்காட்சி 1999 அக்டோபர் 20 முதல் ஒளிபரப்பத் தொடங்கிற்று. ஆயிரமாவது எபிசோட் 2021 நவம்பரில் வெளியாயிற்று. ரப்பரைப் போல் நீளும் தேகம் வாய்த்த லூஃபி என்னும் இளைஞன், கடற்கொள்ளையர் மன்னன் ரோஜர் விட்டுச்சென்ற பொக்கிஷத்தைத் தேடித் தோழர்களோடு தீவு தீவாகச் செல்வதே கதை. போய்ச் சேரும் தீவில் ஒரு கொடுங்கோலன், அவனிடம் வதைபடும் ஜனங்கள், யாரோ ஒருவரின் பழைய துயரம், யுத்தம், முடிவில் விருந்து என்ற கிரமம் பெரும்பாலும் மாறாமல் வருவதால், தொடர் இயல்பாகவே காண்டங்களாகப் பிரிந்து நிற்கிறது. ரசிகர்கள் ‘ஆர்க்’ என்று வழங்கும் இக்காண்டங்களுள் சிரேஷ்டமானது எது என்ற விவாதம் இன்றளவும் ஓய்ந்தபாடில்லை. எனினும் அடிதடியின் பிரமாண்டத்தைக் காட்டிலும், அந்த அடிதடிக்குக் காரணமாயிருந்த துக்கத்தின் ஆழமே ரசிகர்களின் விருப்பத்தைப் பெரும்பாலும் நிர்ணயித்திருக்கிறது.

முதற்கட்டக் காண்டங்களில் பிரசித்தி பெற்றது ஆர்லாங் பார்க் (எபிசோட் 31–44). தன் வளர்ப்புத் தாயைக் கொன்ற கடற்கொள்ளையன் ஆர்லாங்கிடமிருந்தே தன் ஊரை விலைக்கு வாங்கி விடுவிப்பதென்று சங்கற்பம் செய்துகொண்ட, லூஃபியின் கூட்டாளி நாமி, 10 கோடி பெரி பணம் சேர்ப்பதற்காகத் திருடியும், அவனுக்கே கடல் வரைபடங்கள் தீட்டியும் எட்டு ஆண்டுகளைக் கழிக்கிறாள். தொகை நிறையப்போகும் தறுவாயில், ஆர்லாங்கின் கையாளான கடற்படை அதிகாரி ஒருவன் அதைப் பறிமுதல் செய்துகொண்டு போய்விட, தோளில் பச்சை குத்தப்பட்டிருந்த ஆர்லாங்கின் சின்னத்தை அவள் கத்தியால் குத்திக் குத்திச் சிதைக்கிறாள். லூஃபி அந்தக் கையைப் பிடித்து நிறுத்துகிறான். அதுவரை அவனை விரட்டிக்கொண்டிருந்தவள் முதன்முறையாக உதவி கேட்க, அவன் ஆறுதல் ஏதும் சொல்லாமல், பிறர் தொடுவதைச் சகிக்காத தன் வைக்கோல் தொப்பியை அவள் தலையில் கவிழ்த்துவிட்டு நடக்கிறான். பின்னர் யுத்தத்தின் நடுவே, வரைபட அறையில் ரத்தக்கறை படிந்த அவளுடைய பேனா அவன் கண்ணில் படுகிறது. உடனே அவன் ஆர்லாங்கை விட்டுவிட்டு, அந்த அறையின் மேசைகளையும் அலமாரிகளையும் வெளியே உதைத்துத் தள்ளத் தொடங்குகிறான். ஓடாவின் நுட்பத்துக்கு இதனினும் சிறந்த இடத்தைக் காட்டுவது கடினம்.

இதே ரசம் இன்னும் விஸ்தாரமாக வளர்ந்து நிற்பது வாட்டர் செவன், எனீஸ் லாபி என்ற இரட்டைக் காண்டங்களில். தடைசெய்யப்பட்ட சரித்திரத்தை ஆராய்ந்த குற்றத்துக்காக உலக அரசாங்கம் ஒஹாரா தீவையே அழித்தபோது எட்டு வயதுக் குழந்தையாகத் தப்பிய நிகோ ராபின், லூஃபி முதலிய தோழர்களின் உயிரைக் காக்க அந்த அரசாங்கத்திடமே தன்னை ஒப்புக்கொடுக்கிறாள். லூஃபியின் ஆணைப்படி தோழன் உஸோப் அரசாங்கக் கொடியை எரித்து உலகம் முழுவதையும் பகைத்துக்கொண்ட பிறகே, தான் வாழ விரும்புவதாக அவள் வாய்விட்டு அழுகிறாள். காண்டத்தின் முடிவில், 312ஆம் எபிசோடில், பழுதுபார்க்க இயலாதபடி உடைந்துபோன, தங்கள் ‘கோயிங் மெரி’ கப்பலுக்கு லூஃபியே தீ வைக்கிறான். மரக்கலம் ஒன்றுக்காகக் கண்ணீர் விட்டவர்கள் இதை எடுத்துச் சொல்லும்போது சிறிதும் கூச்சப்படுவதில்லை. கூச்சப்பட வேண்டியதும் இல்லை.

மரீன்ஃபோர்டு காண்டம் வேறு வகையில் முக்கியமானது. சகோதரன் ஏஸை மரணதண்டனையிலிருந்து மீட்கப் போன நாயகன், இங்கே தோற்றுப்போகிறான்; ஏஸ் அவன் கைகளிலேயே இறக்கிறான், ஏஸின் தலைவர் வைட்பியர்டு நின்ற நிலையிலேயே உயிர் துறக்கிறார். இதனையடுத்துத் தோழர்கள் இரண்டு ஆண்டுகள் பிரிந்து பயில்வதாகக் கதை திரும்புவதால், பலர் தொடரையே இதற்கு முன், பின் என்று வகுத்துப் பேசுகின்றனர்.

அனிமேயில் மட்டும் ஒரு காண்டம் சோபை இழப்பதும் உண்டு. மூலக்கதையை முந்திவிடக் கூடாதென்ற நிர்ப்பந்தத்தால், விருந்தாளிகள் பெருத்துவிட்ட வீட்டில் ரசத்துக்கு வெந்நீர் விளாவுவது போல, 102 அத்தியாயங்களாலான டிரெஸ்ரோஸா 118 எபிசோடுகளாக நீட்டப்பட்டது. மாங்காவில் அதைக் கொண்டாடுவோரும் திரையில் அலுப்பு மேலிட்டதை ஒப்புக்கொள்வர். இதற்கு மாறாக, எடோ காலத்து ஜப்பானைத் தழுவி, கபுகி நாடகம்போல் அங்கங்களாகத் திரை விலகும் வானோ காண்டத்துக்கு, தட்சுயா நகமினே முதலியோரின் இயக்கம் புதிய வர்ணங்களையும் வேகத்தையும் தந்தது; லூஃபியின் ‘ஐந்தாம் கியர்’ என்னும் புதிய வடிவம் வெளிப்பட்ட 1071ஆம் எபிசோட் (2023 ஆகஸ்ட்) உலகெங்கும் பேசப்பட்டது.

வானத்துத் தீவான ஸ்கைபியா வெறும் கிளைக்கதை என்று ஒரு காலத்தில் அலட்சியம் செய்யப்பட்டது. அங்குள்ள பொன்மணியின் அருகே ரோஜர் பொறிக்கச் செய்த வாசகம் கதையின் மையத்தோடு இணைந்திருப்பது பிற்காலத்தில் துலங்கவே, அந்த அபிப்பிராயம் மாறிவருகிறது, மாறுவது நியாயமே.

எபிசோடுகளின் எண்ணிக்கையைக் கண்டு மலைத்து நிற்கும் புதியவர்கள், முழுத்தொடரையும் பார்த்து முடிப்பதாகச் சபதம் எதுவும் செய்துகொள்ள வேண்டியதில்லை. ஆர்லாங் பார்க் நிறைவுறும் 44ஆம் எபிசோட் வரை பார்த்துவிட்டு, தொடர்வதா விடுவதா என்று தீர்மானித்துக்கொள்ளலாம்.