காவலும் கதவடைப்பும்

வலிமை குன்றியவரைக் காப்பதாகக் கூறி அவரது வாயை அடைத்துவிடுவது சமுதாயத்தின் பழைய வழக்கம். புலன் குறைந்த பிள்ளைகளின் கல்விச் சரித்திரம் இதற்குச் சான்று பகர்கின்றது. அப்பிள்ளைகளையும், அறிவு வளர்ச்சியில் வேறுபட்ட பிள்ளைகளையும் இணையத்தின் தீங்குகளிலிருந்து காப்பது எங்ஙனம் என்ற கேள்வி இன்று பெற்றோரை வாட்டுகின்றது. விடை காணுமுன் அச்சரித்திரத்தின் சில ஏடுகளைப் புரட்டிப் பார்ப்பது நன்று.

பாரிஸ் நகரத்துக் கண்பார்வையற்றோர் பாடசாலையில் பயின்ற லூயி பிரெயில், 1824 இல், தமது பதினைந்தாம் வயதில், ஆறு புள்ளிகளால் ஆன எழுத்து முறையை வகுத்தார். விரல் நுனியால் வாசிக்கவும் தம் கையாலேயே எழுதவும் அது வழிசெய்தது. ஆயினும், பார்வையுள்ள ஆசிரியர்கள் தாம் வாசிக்கக்கூடிய புடைப்பெழுத்துக்களையே விரும்பினர். பிரெயில் 1852 இல் மறைந்தார். அவர் பயின்று கற்பித்த அதே பாடசாலை அவரது எழுத்தை முறைப்படி ஏற்றது 1854 இலேயே.

1880 இல் மிலான் நகரில் செவிப்புலனற்றோரின் கல்வி பற்றி ஒரு மாநாடு கூடியது. கேட்கும் திறனுடையோரே பெரும்பாலும் நிறைந்திருந்த அச்சபை, வாய்ப்பேச்சு முறையே சிறந்தது என்று தீர்மானித்தது. அதன் விளைவாகப் பல நாட்டு வகுப்பறைகளில் சைகை மொழி விலக்கப்பட்டது. பிள்ளைகளின் நன்மைக்காகவே இது செய்யப்பட்டதாகக் கூறினர். 2010 இல் வான்கூவரில் கூடிய மாநாடே மிலான் தீர்மானங்களை நிராகரித்தது. இடையில் கழிந்தவை 130 ஆண்டுகள்!

நமது நாட்டிலும் இத்தகைய பிள்ளையை உள்ளறையில் மறைத்து வைப்பதே பாசம் என்று எண்ணிய காலம் உண்டு. 1912 இல் மேரி சாப்மன் என்ற ஆங்கிலப் பெண்மணி தொடக்கிய பாடசாலை, பின்னர் இரத்மலானையில் வேரூன்றியது. 1956 இல் கைதடியில் நவீல்ட் பாடசாலை எழுந்தது. இவை அவ்வறையின் கதவைத் திறந்துவிட்டன.

திறந்த கதவை இன்று அச்சம் மீண்டும் சாத்த முனைகின்றது. அச்சத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. தனிமையில் வாடும் பிள்ளையிடம் முகமறியாதவன் நட்புப் பாராட்டுகின்றான். சொல்லின் உட்கருத்தை உணர இயலாத பிள்ளை அதனை அப்படியே நம்பிவிடுகின்றது. பெரியவர் சொன்னால் பணியவேண்டும் என்று மட்டுமே பழக்கப்பட்ட பிள்ளை மறுக்க அறியாது நிற்கின்றது.

ஆகவே, கைத்தொலைபேசியைப் பறித்துவிடுவோம் என்கின்றனர் சிலர். செவிப்புலனற்ற பிள்ளைக்குத் தூரத்து நண்பனின் சைகையைக் கொண்டுவருவது அக்கருவியே. பார்வையற்ற பிள்ளைக்கு அதுவே நூலை வாசித்துக் காட்டுகின்றது. அதைப் பறிப்பது மிலான் தீர்மானத்தை நம் வீட்டில் நிறைவேற்றுவதாகும். மேலும், உண்மையைச் சொன்னால் கருவி பறிபோகும் என்று அஞ்சும் பிள்ளை, நேர்ந்த தீங்கை மறைத்துவிடும். தீங்கு செய்பவன் விரும்புவதும் அம்மௌனத்தையே.

மெய்யான காவல் பிள்ளைக்குச் சொற்களைத் தருவதாகும். உடலுறுப்புக்களின் பெயர்களையும், வேண்டாம் என்ற மறுப்பையும், சைகையாலோ படத்தாலோ கற்பித்தல் வேண்டும். பிள்ளையின் அருகே அமர்ந்து அதன் இணைய உலகை நாமும் அறிதல் வேண்டும். தீங்கு நேர்ந்துவிட்டால், பிள்ளையைக் கடியாது, வந்த செய்திகளை அழியாது, துணிந்து முறையிடுதல் வேண்டும். 1998 ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றிய தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையை 1929 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். எனினும், குரலை மட்டுமே எதிர்பார்க்கும் எந்த உதவி இலக்கமும் பேச இயலாத பிள்ளைக்கு அடைத்த கதவே. எழுத்தையும் சைகையையும் ஏற்கும் உதவி எங்கும் வேண்டும்.

இது பெற்றோரின் தனிச்சுமையன்று. தோட்டத்து லயத்திலும் வன்னிக் குடிசையிலும் வாழும் தாய், நாள் முழுதும் உழைத்துவிட்டு இணையத்தின் சூதுகளைத் தனியே கற்றுக்கொள்வாள் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது. ஐக்கிய நாடுகளின் சிறுவர் உரிமைக் குழு, 2021 இல் வெளியிட்ட பொதுக்கருத்தில், இப்பிள்ளைகளுக்கு இணையத்தைப் பாதுகாப்பானதாக ஆக்கும் கடமையை அரசுகளிடமே ஒப்படைத்தது. அளவு மீறிய காவலும் ஒதுக்கிவைப்பும் கூடா என்றும் வலியுறுத்தியது. சிறுவர் உரிமை உடன்படிக்கையை 1991 இல் ஏற்ற நமது அரசுக்கும் அக்கடமை உண்டு.

பிரெயிலின் பாடசாலை காலந்தாழ்த்திக் கற்றது. மிலானின் தவறு திருந்த ஒரு நூற்றாண்டுக்கு மேல் சென்றது. நமது பிள்ளைகள் அத்தனை காலம் காத்திருக்க இயலாது.