பால்கனியில் ஒரு எமன்

குளியலறைச் சுவரில் மாட்டியிருக்கிறதே ஒரு வெந்நீர்ப் பெட்டி... அதற்கு 'கீசர்' என்று எப்படிப் பேர் வந்தது? யோசித்திருக்கிறீர்களா?

அது ஐஸ்லாந்துக்காரர்களின் சொல்! அந்தத் தீவில், பூமிக்கு அடியிலிருந்து 'புஸ்ஸ்...' என்று கொதிநீரைப் பீய்ச்சி அடிக்கிற ஓர் ஊற்றுக்கு 'கெய்சிர்' என்று பெயர். 1868-ல் லண்டனைச் சேர்ந்த பெஞ்சமின் வாடி மாகன் என்பவர், கேஸில் எரியும் வெந்நீர்ச் சாதனம் ஒன்றைச் செய்தார். தொழிலோ வர்ணம் பூசுவது. ஆனால், குழாயைத் திறந்தவுடன் வெந்நீர் கொட்ட வேண்டும் என்று ஓர் ஆசை. செய்து முடித்ததும் அந்த ஊற்றின் பெயரையே சூட்டிவிட்டார். வேடிக்கை என்னவென்றால், பெயர் கொடுத்த ஐஸ்லாந்தில் கேஸ் கீசருக்கு வேலையே இல்லை. அங்கே பத்தில் ஒன்பது வீடுகளுக்கு பூமிச் சூடே கதகதப்பைக் கொடுத்துவிடுகிறது!

மாகனின் சாதனம் ரொம்ப எளிமையானது. மேலேயிருந்து பச்சைத் தண்ணீர் இறங்கும். கீழே பர்னர் எரியும். அதன் அனல் மேலே ஏற, தண்ணீர் சூடாகித் தொட்டியில் கொட்டும். எல்லாம் சரி, எரிந்த புகை எங்கே போகும்? எங்கேயும் போகாது. புகைபோக்கியே கிடையாது! குளிக்கிறவர் மூச்சு விடுகிற அதே அறையில்தான் அதுவும் சுற்றிக்கொண்டிருக்கும். லண்டன் குளிருக்கு ஜன்னலையும் இறுக்கிச் சாத்தியிருப்பார்கள். கேட்கவா வேண்டும்?

இந்தக் கண்டுபிடிப்பின் மொத்தச் சரித்திரத்தையும் ஒரே வரியில் சொல்லிவிடலாம். வீட்டுக்குள்ளே வந்த ஓர் அடுப்பை எப்படி வெளியே அனுப்புவது? நூற்றைம்பது வருஷங்களாக இன்ஜினீயர்கள் இதற்காகத்தான் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

1889-ல், நார்வேயிலிருந்து அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்துக்குப் பிழைக்கப் போன எட்வின் ரூட், தானாகவே இயங்கும் ஹீட்டர் ஒன்றை உருவாக்கினார். ஜெர்மனியில் ஹ்யூகோ யுங்கர்ஸ். பெயரைக் கேட்டதும் விமானம் ஞாபகம் வருகிறதா? அவரேதான்! 1915-ல் முழுக்க முழுக்க உலோகத்தாலான விமானத்தை முதன்முதலில் பறக்கவிட்ட மனுஷர். ஆனால், அவர் 1895-ல் டெஸ்ஸாவ் நகரில் கம்பெனி ஆரம்பித்தது கேஸ் ஹீட்டர் தயாரிக்கத்தான். வெந்நீரில் சம்பாதித்த பணம்தான் பிற்பாடு வானத்தில் பறந்தது! 1932-ல் பண நெருக்கடி கழுத்தைப் பிடிக்க, ஹீட்டர் தொழிலை 'பாஷ்' கம்பெனிக்கு விற்றார். அடுத்த வருஷமே நாஜிகள் விமானக் கம்பெனியையும் பிடுங்கிக்கொண்டார்கள். 1935-ல், தன்னுடைய 76-வது பிறந்த நாளன்று செத்துப்போனார் யுங்கர்ஸ். அது தனிக் கதை. இன்னொரு நாள் பார்க்கலாம்.

புகைபோக்கி வந்த பிறகும் பிரச்னை தீர்ந்தபாடில்லை. எதிர்க்காற்று அடித்தால் புகை திரும்பி வரும். குருவி கூடு கட்டினால் அடைத்துக்கொள்ளும். ஆகவே ஜப்பான்காரர்கள் வேறு ரூட் பிடித்தார்கள். 1965-ல் அங்கே அடுக்குமாடி வீடுகளுக்காக ஒரு சாதனம் வந்தது. வெளிக்காற்றை ஒரு குழாயில் இழுத்து, எரிந்த புகையையும் அதே சுவர் வழியாக வெளியே தள்ளும். குளியலறைக் காற்றைத் தொடவே தொடாது! அதற்கும் அடுத்த கட்டமாக, 'எதுக்கு இந்த வம்பு?' என்று பெட்டியையே தூக்கி வெளிச்சுவரில் மாட்டிவிட்டார்கள். இன்றைக்கு ஜப்பானில் பெரும்பாலான கேஸ் ஹீட்டர்கள் வெளியேதான் இருக்கின்றன.

உள்ளேயே தங்கிவிட்டவை என்ன ஆயின என்பதும் ஊருக்குத் தெரிந்தது. 2006 ஜூலையில், ஒரு பிரபல கம்பெனியின் ஹீட்டர்களால் 1985-லிருந்து இருபது வருஷங்களில் 21 பேர் இறந்திருப்பது அங்கே வெளிச்சத்துக்கு வந்தது. ஆபத்து என்றால் தானாக அணைந்துவிட ஒரு பாதுகாப்பு ஏற்பாடு அவற்றில் இருந்தது. அது அடிக்கடி தொல்லை கொடுக்கவே, ரிப்பேருக்கு வந்தவர்கள் ஒயரை மாற்றிக் கொடுத்து அதைச் செயலிழக்க வைத்திருந்தார்கள். 2010-ல் கம்பெனியின் முன்னாள் தலைவரைக் குற்றவாளி என்றது டோக்கியோ நீதிமன்றம்.

சரி, பெட்டியை வெளியே மாட்டிவிட்டால் எமன் போய்விடுவானா? அதற்கு நாம் தைவான் தீவுக்குப் போக வேண்டும்.

தைவானுக்கும் வெந்நீருக்கும் பழைய உறவு. 1895-லிருந்து 1945 வரை அந்தத் தீவு ஜப்பானின் பிடியில் இருந்தது. தைபேக்குப் பக்கத்திலிருக்கும் பெய்தோவில் நிலத்தடி வெந்நீர் ஊற்றுகள். 1896-லேயே ஓர் ஒசாகா வியாபாரி அங்கே ஊற்று நீரில் குளிக்கிற விடுதியைத் திறந்துவிட்டார். 1913-ல் பெரிய பொதுக் குளியல் இல்லமே வந்தது. இப்போது அது மியூசியம். ஆனால், ஊற்றுக்குப் பக்கத்தில் எல்லோராலும் குடியிருக்க முடியுமா? சாமானியர்களுக்கு விறகடுப்பும் அண்டாவும்தான்.

பிறகு நகரங்கள் வீங்கின. நாலு மாடி, ஐந்து மாடி என்று லிஃப்ட் இல்லாத குடியிருப்புகள் வரிசையாக முளைத்தன. கேஸ் வந்தது. குழாயில் வராத தெருக்களுக்கு, 20 கிலோ சிலிண்டரை ஸ்கூட்டரின் பின்னால் கட்டிக்கொண்டு ஆள் வருவார். (நம்ம ஊர் சிலிண்டர் 14.2 கிலோ. அதையே மாடிக்குத் தூக்குவதற்குள் நமக்கு நாக்குத் தள்ளுகிறது!) கேஸ் ஹீட்டருக்கு இடம்? பின்பக்க பால்கனி. வாஷிங் மெஷினும் துணிக்கொடியும் அங்கேதான். பக்கத்திலேயே சுவரில் ஹீட்டர்.

இந்த வெளிப்புற ஹீட்டருக்குக் குழாய் எதுவும் கிடையாது. சுற்றியிருக்கிற காற்றை இழுத்து, முன்பக்கத் துவாரம் வழியாகப் புகையை விட்டுவிடும். பெரிய பேட்டரி இரண்டைப் போட்டால் போதும், குழாயைத் திறந்ததும் 'டிக் டிக் டிக்' என்று பொறி தட்டி எரியும். விலை மலிவு. திறந்தவெளியில் இருக்கும்வரை ஒரு பாவமும் அறியாத பெட்டி!

ஆனால், அது தைவான். வருஷம் பூராவும் காற்றில் பிழியப் பிழிய ஈரம். மே, ஜூனில் விடாத தூறல். அப்புறம் புயல்கள். குளிர்காலத்தில் வடகிழக்குக் காற்று மழையைக் கொண்டுவந்து கொட்டும். வடக்கே இருக்கிற கீலுங் நகரத்துக்கு 'மழைத் துறைமுகம்' என்றே பட்டப்பெயர். கொடியில் போட்ட துணி மூன்று நாளானாலும் காயாது. செருப்பில் பூஞ்சை பூக்கும். போதாக்குறைக்குத் திருட்டு பயம் வேறு. ஜனங்கள் என்ன செய்வார்கள்? பால்கனிக்கு இரும்புக் கம்பி அடித்தார்கள். அதன்மேல் தகரக் கூரை. அப்புறம் கண்ணாடி ஜன்னல். ஆளாளுக்கு இப்படிச் செய்ய, தெருவே கூண்டு வைத்த தெருவாகிப்போனது. பல இடங்களில் கட்டடத்துக்குப் பின்னால் தீயணைப்புக்காக விட்ட சந்தையும் ஆக்கிரமித்து நீட்டிக்கொண்டார்கள்.

ஹீட்டர் நகரவேயில்லை. மாட்டிய அதே ஆணியில்தான் தொங்கியது. வீடுதான் வளர்ந்து வந்து அதை விழுங்கிவிட்டது!

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போமா? ஒருவர் இருபது நிமிஷம் ஷவரில் குளித்தால், சுமாராக அரை கிலோ கேஸ் எரியும். ஒரு கிலோ கேஸ் முழுசாக எரிய ஏறக்குறைய 12 கன மீட்டர் காற்று வேண்டும். அரை கிலோவுக்கு ஆறு. 12 அடி நீளம், 4 அடி அகலம், 9 அடி உயரம் உள்ள பால்கனியில் மொத்தமே 12 கன மீட்டர் காற்றுதான் இருக்கும். ஜன்னல்களைச் சாத்திவிட்டால், ஒரே ஒரு ஆள் குளித்து முடிப்பதற்குள் அங்கிருக்கிற ஆக்ஸிஜனில் பாதி காலியாக வேண்டும்! நிஜத்தில் அவ்வளவு தூரம் போகாது. சில சதவிகிதம் குறைந்தாலே நெருப்பு மூச்சுத் திணற ஆரம்பித்துவிடும். அப்போது வருவதுதான் கார்பன் மோனாக்ஸைடு.

அதற்கு நிறமில்லை, மணமில்லை. கண் எரியாது, இருமல் வராது. சிலிண்டர் லீக்கானால் மூக்கைத் துளைப்பது, எச்சரிக்கைக்காகவே கேஸில் கலக்கிற நாற்றம். எரிந்த பிறகு அந்த நாற்றமும் போய்விடும். 'கேஸ் வாசனையே வரலையே' என்று நம்புகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். ரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆக்ஸிஜனைவிட இதை இருநூறு மடங்குக்கும் மேல் ஆசையாகக் கட்டிக்கொள்ளும். 1895-ல் ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற விஞ்ஞானி இந்த வாயுவைத் தானே சுவாசித்து, உடம்பு என்னவாகிறது என்று குறிப்பெடுத்தார். துணிச்சல்காரர்! சுரங்கத் தொழிலாளிகள் கூண்டில் குருவி எடுத்துப்போனது அவர் சொல்லித்தான். மனுஷனுக்கு முன்னால் குருவி மயங்கி விழும்.

ஈரம் இன்னொரு விதத்திலும் விளையாடும். நெருப்பு தண்ணீரைச் சூடாக்கும் என்பது தெரியும். நெருப்பே தண்ணீரை உண்டாக்கும் என்பது தெரியுமா? ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரை கிலோவுக்கு மேல் நீராவி கிளம்பும். குளிர்ந்த உலோகத்தில் பட்டு அது துளித்துளியாகப் படியும். புகையில் இருக்கிற அமிலமும் அதில் கலக்கும். வெளியே கடற்காற்றின் உப்பு. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட தகரம் என்ன பாடுபடும்? துரு உதிர்ந்து பர்னர் துளைகளை அடைக்கும். தூசியும் சிலந்திக் கூடும் சேர்ந்துகொள்ளும். நீல ஜ்வாலை மஞ்சளாகும். அதற்கு அர்த்தம், கேஸ் சரியாக எரியவில்லை. வெந்நீர் என்னவோ வந்துகொண்டுதான் இருக்கும். யாரும் போய்ப் பார்க்க மாட்டார்கள்.

விபத்துகள் நடக்கிற சீஸனும் ஒன்றே. சைபீரியா பக்கமிருந்து குளிர் அலை இறங்கும்போது தைபேயில் வெப்பநிலை 10 டிகிரிக்கும் கீழே போய்விடும். நம் கொடைக்கானல்காரர்கள் சிரிக்கலாம். ஆனால், அங்கே வீடுகளில் கணப்பு வசதி கிடையாது. எல்லா ஜன்னலும் சாத்தப்படும். தண்ணீரும் சில்லென்று இருப்பதால் ஹீட்டர் கூடுதலாக எரியும். அப்பா, அம்மா, பாட்டி, பிள்ளைகள் என்று ராத்திரி ஒருவர் பின் ஒருவராகக் குளிப்பார்கள். பால்கனிக் கதவின் இடுக்கு வழியாக விஷம் மெதுவாக ஹாலுக்கு வரும். லேசாகத் தலைவலி. சளி பிடித்திருக்கிறது என்று நினைப்பார்கள். தூக்கம் வருவது போலிருக்கும். மறுநாள் பள்ளிக்கூடத்திலிருந்தோ ஆபீஸிலிருந்தோ 'ஏன் வரவில்லை?' என்று போன் வரும். எடுக்க ஆளிருக்காது.

குடும்பம் குடும்பமாகச் சாவது செய்தியான பிறகு சட்டம் வந்தது. 2006 பிப்ரவரி 1-ம் தேதியிலிருந்து, உரிமம் பெற்ற ஆள்தான் கேஸ் ஹீட்டரை மாட்ட வேண்டும் என்று தீயணைப்புச் சட்டம் சொன்னது. அடைத்த பால்கனி என்றால், விசிறி வைத்துக் குழாய் வழியாகப் புகையை வெளியே தள்ளும் வகைதான் பொருத்த வேண்டும். பழசை மாற்ற அரசாங்கம் மானியமும் கொடுத்தது. என் அபிப்பிராயம், இதில் ஜனங்களைக் குற்றம் சொல்லிப் பிரயோஜனமில்லை. மழையில் துணி நனையாமல் இருக்க ஜன்னல் வைத்தவன், சாவுக்கு வழி செய்கிறோம் என்று நினைத்திருப்பானா? பெட்டி வாங்கும்போது அந்த இடம் வெளியேதானே இருந்தது!

குளிர்காலம் வந்தால் தீயணைப்புப் படையினர் பழைய குடியிருப்புகளில் வீடு வீடாகப் போகிறார்கள். ஹீட்டர் எங்கே தொங்குகிறது என்று பார்க்கிறார்கள். வேறு வகை மாற்றும்வரை, குளிக்கும்போது பால்கனி ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்கிறார்கள். கேட்பவர் தலையாட்டிக்கொண்டே கொடியைப் பார்ப்பார். அதில் நேற்று துவைத்த பள்ளி யூனிஃபார்ம் இன்னமும் ஈரமாகத் தொங்கிக்கொண்டிருக்கும்.