பெர்க்லி பேச்சுரிமை இயக்கம்

கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் 1964 செப்டம்பரில் எழுந்த மாணவர் போராட்டம். வளாக வாயிலில் மேசை போட்டு அரசியல் துண்டறிக்கை கொடுப்பதையும் நிதி திரட்டுவதையும் நிர்வாகம் தடுத்ததே காரணம். மிசிசிப்பியில் கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காகக் கோடையில் உழைத்துத் திரும்பிய மாணவர்கள் பணியவில்லை. அக்டோபர் 1 அன்று கைதான செயற்பாட்டாளர் ஜாக் வைன்பெர்கை ஏற்றிய காவல்துறைக் காரைச் சூழ்ந்து 32 மணிநேரம் அமர்ந்தனர். அதன் கூரையே பேச்சு மேடையானது. டிசம்பரில் ஸ்ப்ரௌல் மண்டபத்தில் அமர்ந்து போராடிய சுமார் 800 பேர் கைதாயினர். டிசம்பர் 8 அன்று பேராசிரியர் பேரவை 824–115 என்ற வாக்கில் மாணவர் கோரிக்கைகளை ஆதரித்தது, இதுவே திருப்புமுனை. பெர்க்லியில் ஒழுக்கம் சீர்கெட்டதாகச் சொல்லி ரொனால்டு ரீகன் 1966 ஆளுநர் தேர்தலில் வென்றார். பல்கலைக்கழகத் தலைவர் கிளார்க் கெர் 1967இல் நீக்கப்பட்டார். 1997இல் ஸ்ப்ரௌல் மண்டபப் படிகளுக்கு மாணவர் தலைவர் மரியோ சாவியோவின் பெயர் சூட்டப்பட்டது.