கிஃப்ட் என்றால் விஷம்; மருந்து என்றால்?

ஜெர்மனியில் ஒரு பாட்டில் மேல "கிஃப்ட்" என்று எழுதியிருந்தால் ஆசையா திறந்துடாதீங்க. ஜெர்மன் மொழியில் அதற்கு விஷம் என்று பொருள்!

அதே சொல் ஆங்கிலத்தில் பரிசு. டச்சு மொழியில் நன்கொடை. ஸ்வீடனில் விஷம் என்றும் பொருள், திருமணமானவர் என்றும் பொருள். சிரிக்காதீங்க, நிஜம்தான்.

எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றே: "கொடு".

கொடுத்தது பரிசு. பெண்ணைக் கட்டிக் கொடுத்தால் திருமணம். வரதட்சணைக்கு ஜெர்மனில் இன்றும் "மிட்கிஃப்ட்" என்றே பெயர்.

விஷம் எங்கிருந்து வந்தது?

கிரேக்கத்தில் "டோசிஸ்" என்றால் கொடுப்பது. வைத்தியர் ஒரு வேளைக்குக் கொடுக்கும் மருந்தளவுக்கும் அதுவே பெயர். நாம சொல்ற "டோஸ்" அதுதான். வைத்திய நூல்கள் வழியே இந்தப் பொருள் கிஃப்ட்டுக்கும் ஒட்டிக்கிட்டது. விஷத்தை விஷம் என்று சொல்லக் கூசி, "கொடுத்தது" என்று பூசி மெழுகினார்கள். நாளடைவில் பரிசு போய் விஷம் மட்டும் நின்றது.

ஃபார்மசிக்கு மூலமான "ஃபார்மகான்" என்ற கிரேக்கச் சொல்லுக்கும் மருந்து, விஷம் இரண்டும் பொருள். அளவுதான் ஒரு பொருளை விஷமாக்குகிறது என்று 1538-ல் பாராசெல்சஸ் எழுதியதும் இதைத்தான்.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம்.

சேலம், நாமக்கல் பக்கம் அவசர சிகிச்சைப் பிரிவில் "மருந்து குடிச்சிட்டாருங்க" என்று சொன்னால், அதை இருமல் மருந்து என்று எந்த டாக்டரும் நினைக்க மாட்டார். மரவள்ளிக்கோ கத்திரிக்கோ அடிக்க வாங்கி வெச்ச பூச்சிக்கொல்லி அது.

ஜெர்மன்காரருக்குப் பெயரே எச்சரிக்கை. நமக்கோ உயிர் காப்பதும் மருந்து, உயிர் எடுப்பதும் மருந்து. அதனால்தான் வெறும் கையால் கலக்குறோம், கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊத்தி வீட்டுக்குள்ளயே வைக்குறோம்.

இலங்கையில் 1995-ல் தற்கொலை விகிதம் லட்சத்துக்கு 47. கொடிய பூச்சிக்கொல்லிகளைப் படிப்படியாகத் தடை செய்தார்கள். 2005-ல் அது 24. விஷம் கைக்கெட்டாமல் இருந்தால், அந்த வேகம் தணியும்வரை உயிர் தாங்கும்.

அதனால இன்னைக்கே ரெண்டு வேலை செய்யுங்க. அதைப் "பூச்சி விஷம்" என்றே வீட்டில் சொல்லிப் பழக்குங்க. வாங்கிய பாட்டிலிலேயே வெச்சு, பூட்டி, சாவியைப் பொறுப்பானவரிடம் கொடுங்க.

யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீங்க. உடனே 108. பாட்டிலையும் கையோடு எடுத்து வாங்க, எந்த விஷம்னு தெரிஞ்சாத்தான் சரியான சிகிச்சை தர முடியும்.

மனசு தாங்கலைன்னா 104 அல்லது 14416-க்குக் கூப்பிடுங்க. பேசினா பாரம் குறையும்.