காத்து நிற்கும் சக்தி

சும்மா நிற்கும் யந்திரத்தைக் கண்டால் கணக்குப் பார்ப்பவர் மனம் பொறுப்பதில்லை. "ஓடாத யந்திரத்துக்கு ஆளும் செலவும் எதற்கு?" என்பர். இக்கேள்வி எத்துணை அபாயமானது என்பதை மின்சாரத்தின் சரித்திரம் காட்டுகிறது.

மின்சாரம் நெல்லைப்போலக் குதிரில் கொட்டி வைக்கத்தக்க பண்டமன்று. ஜனங்கள் செலவிடும் அளவு அந்தக் கணமே உற்பத்தியாக வேண்டும். உற்பத்தி குறைந்தால் யந்திரங்களின் சுழற்சி தளரும். மிகத் தளர்ந்தால், சேதத்துக்கு அஞ்சி அவை ஒவ்வொன்றாக விலக நேரும். ஆதலின், போர்க்களத்தில் சேமப்படை நிறுத்துவதுபோல, முழுப் பலத்தையும் செலவிடாது சுழலும் யந்திரங்களை ஆயத்தமாக வைத்திருத்தல் அவசியம்.

1965-ம் வருஷம் நவம்பர் 9-ந் தேதி மாலை 5.16 மணிக்கு, கானடாவில் நயாகராவை அடுத்த ஸர் ஆடம் பெக் மின்நிலையத்தில், காவற்கருவி ஒன்று தாங்கக்கூடிய சுமையையே அபாயமெனக் கொண்டு ஒரு மின்பாதையைத் துண்டித்தது. அதன் சுமை ஏனைய நான்கு பாதைகளின்மேல் விழ, அவையும் துண்டிக்கப்பட்டன. திசைமாறிப் பாய்ந்த மின்சாரம் அமெரிக்க வடகிழக்கு மாகாணங்களின் இணைப்புகளைக் குலைத்தது. சிதறிய பகுதிகளில், உற்பத்தி குறைந்திருந்த இடங்களுக்குப் போதிய சேமம் உரிய வேளையில் கைகொடுக்கவில்லை. சில நிமிஷங்களில் சுமார் 3 கோடி மக்கள் இருளில் ஆழ்ந்தனர். சிற்சில இடங்களில் 13 மணி நேரம் வரை ஒளி திரும்பவில்லை. நியூயார்க் நகரத்துச் சுரங்க ரயில்களில் லட்சக்கணக்கானோர் அகப்பட்டனர்.

விந்தை யாதெனில், நின்றுபோன மின்நிலையங்களை மீண்டும் இயக்கவும் மின்சாரமே தேவைப்பட்டது! நியூயார்க் நகரின் மாபெரும் யந்திரமொன்று எண்ணெய்ப் பம்புக்கு மின்சாரமின்றிப் பழுதுற்றது. பின்னரே, பிறர் துணையின்றித் தொடங்கவல்ல வாயு யந்திரங்கள் அங்கு நிறுவப்பட்டன. மின்சாரப் பாதுகாப்புக்கென 1968-ல் ஒரு பொதுச்சபையும் தோன்றியது.

இதனால் அபாயம் நீங்கிற்றா? பிரிட்டனைப் பாருங்கள். 2019-ம் வருஷம் ஆகஸ்டு 9-ந் தேதி மின்னல் தாக்கியதும், ஒரு வாயு மின்நிலையமும் கடலில் அமைந்த காற்றாலைத் தொகுதியொன்றும் ஏறக்குறைய ஒருசேரத் தளர்ந்தன. ஆயத்தமாயிருந்த சேமம் சுமார் 1,000 மெகாவாட்; இழப்போ அதனினும் மிகுதி. எனவே தானியங்கும் கருவிகள் சுமார் 11 லட்சம் வாடிக்கையாளரைத் துண்டித்தன. எஞ்சியோரைச் சேமமும் இத்துண்டிப்பும் சேர்ந்து காத்தன. முக்கால் மணிக்குள் மின்சாரம் மீண்டது. ஆயினும் ரயில்கள் பல மணி நேரம் தடுமாறின.

சேமத்துக்கு எல்லை வகுப்பது, நெருக்கடியில் சிலரை இருளில் விடுவதற்கு முன்கூட்டியே சம்மதிப்பதாகும். அச்சிலருள் மூச்சுக்கருவியை நம்பியிருக்கும் நோயாளியும் இருக்கலாம். சேமத்தின் செலவை எல்லோரும் சிறுகச் சிறுகச் செலுத்துகின்றனர். அது இல்லாத நாளின் துயரம் எளியோர்மீதே முதலில் விழும். ஆதலின், எவ்வளவு சேமம் வேண்டும் என்பதைக் கணக்கர் கையில் மட்டும் விட்டுவிடலாகாது. பொதுமக்களும் அறிந்து கேட்கவேண்டிய கேள்வி அது.